கால்மாட்டில் நின்று கூப்பிடு

பென்னலூர் அருள்நாதன் படப்பை ஊரில் ஒருத்தியை வைத்திருக்கிறார் என்று தெருவே பேசியது. பேசினவர்களுக்கு வேறு வேலை இல்லை. அப்படி ஒருத்தி கிடையவே கிடையாது. அதை முதலிலேயே சொல்லிவிட வேண்டும்.

பாதி ஆயுசைப் பட்டாளத்தில் கழித்துவிட்டு வந்த மனுஷன் அவர். 2012-இல் ஒரகடத்துக் கம்பெனி ஒன்றின் கேட்டில் செக்யூரிட்டியாக இருந்தார். வாரம் பூராவும் நைட் ஷிப்ட். ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்ததும் ஓ.டி. என்று கிளம்பிவிடுவார். பகலில் அவர் வீட்டில் தூங்கும்போது மனைவி கிளாரா கேன்டீன் வேலைக்குப் போயிருப்பாள். இப்படியே ஒரு வருஷமாக, புருஷனும் பெண்டாட்டியும் ஒரே கூரையின் கீழ் ஒன்றாகக் கண்மூடவில்லை.

"இன்னாத்துக்கு இப்படி ஓடுறீங்க? இந்த ஞாயித்துக்கெழமைக்குள்ள வாயத் தொறந்து சொல்லணும். இல்லாங்காட்டி பொண்ணு ஷாலினக் கூட்டிக்கினு எங்கம்மா வூட்டுக்குப் போய்க்கினே இருப்பேன்" என்றாள் கிளாரா.

"ஒண்ணுமில்ல. சப் டீக்" என்றார் அருள்நாதன். எல்லாம் சரியாக இருக்கிறது என்று அர்த்தம். பட்டாளத்தில் காவல் மாற்றும்போது சொல்கிற சொல். தலை போனாலும் அதைத்தான் சொல்ல வேண்டும் என்று அவருடைய நாக்கு பழகிப் போயிருந்தது.

சரியாக ஒன்றும் இல்லை. போன வருஷம் ஒரு விடியலில் அவர் கண் விழித்தபோது, தன் கை கிளாராவின் கழுத்தின் மேல் இருப்பதைக் கண்டார். விரல்கள் இன்னும் இறுகவில்லை. அவளுக்குத் தூக்கம் கலையவில்லை. கையை எடுத்துக்கொண்டு போய்க் கொல்லைக் குழாயடியில் உட்கார்ந்தவர், அன்றே சூப்பர்வைசரிடம் நைட் ஷிப்ட் கேட்டு வாங்கினார். அவள் பக்கத்தில் தூங்கினால்தானே ஆபத்து?

கெடு முடிய ஒரு நாள் இருந்தது. காலையில் ஷிப்ட் முடிந்து ஓய்வறைக்கு வந்தார் அருள்நாதன். கூட வேலை பார்க்கும் வனமாமலை பெஞ்சில் குறட்டை விட்டுக்கொண்டிருந்தார். நாங்குநேரிக்காரர், பட்டாளத்தில் லாரி ஓட்டியவர். அவரை எழுப்ப வந்த எல்லப்பன் தோளைத் தொடவில்லை. அவரும் பழைய ராணுவம்தான், மூவரில் மூத்தவர். கால்மாட்டில் எட்டி நின்று, வனமாமலையின் கால் கட்டைவிரலைப் பிடித்து ஒரு இழு இழுத்தார்.

வனமாமலை துள்ளி எழுந்து காற்றில் ஒரு குத்து விட்டார். குத்து யார் மேலும் படவில்லை.

"இன்னா அண்ணா இது?" என்றார் அருள்நாதன்.

"தோளத் தொட்டா மூக்கு போயிடும்பா. போன தபா என் மூக்குல ரத்தம் பார்த்துட்டான் இந்த மனுசன்" என்றார் எல்லப்பன்.

"நானா வே குத்துனேன்? தூக்கத்துல எவனோ குத்திட்டுப் போயிருக்கான். எம்மேல பழியப் போடுதீரு" என்றார் வனமாமலை.

"அந்த எவனோ என்கிட்டயும் கீறான். என் வூட்டுக்காரி மீனம்மா இருபது வருசமா என் கால்மாட்டுல நின்னுதான் கூப்புடுறா" என்று எல்லப்பன் சிரித்தார்.

அருள்நாதன் சிரிக்கவில்லை. எல்லப்பன் அதைப் பார்த்துவிட்டார்.

"இன்னா அருளு?"

"சப் டீக் அண்ணா."

"அது கேட்ல சொல்றது. இங்க சொல்லாத."

அருள்நாதன் சுவரோரமாக உட்கார்ந்தார். காஷ்மீர் ரோட்டில் முன்னால் போய்க் குண்டில் சிக்கிய வண்டியில் என் பட்டாளத்துச் சிநேகிதன் மாசானம் இருந்தான், பின்னால் வந்த வண்டியில் நான் இருந்தேன் என்றார். அதற்கு மேல் அதைப் பற்றிச் சொல்லவில்லை. மற்ற இருவரும் கேட்கவுமில்லை. பிறகு கிளாராவின் கழுத்தைப் பற்றிச் சொன்னார். வனமாமலை எழுந்து வந்து பக்கத்தில் உட்கார்ந்துகொண்டார்.

"டாக்டராண்ட போலாம், நான் போயிக்கினுதான் கீறேன். கூட வர்றேன். ஆனா மொதல்ல அந்தப் பொண்ணாண்ட சொல்லு" என்றார் எல்லப்பன்.

"பயந்துடுவா அண்ணா."

"இப்ப மட்டும் சந்தோசமாவா கீறா?"

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்த கிளாரா, பையைக் கட்டி வாசலில் வைத்திருந்தாள். எல்லப்பன் மீனம்மாளையும் அழைத்துக்கொண்டு வந்தார். வனமாமலையும் வந்தார்.

"சாட்சிக்கு ஆள் கூட்டிக்கினு வந்தீங்களா? இன்னாதான் நடக்குது?" என்றாள் கிளாரா.

"சப்..." என்று தொடங்கினார் அருள்நாதன். வனமாமலை பலமாக இருமினார். அருள்நாதன் சுவரைப் பார்த்தபடி எல்லாவற்றையும் சொன்னார்.

கிளாராவின் கை தானாகக் கழுத்துக்குப் போனது. பிறகு அவள் ஆத்திரத்தோடு அழுதாள். "இதுக்கா ஒரு வருசம் என்னை ஊர் வாயில போட்டீங்க? படப்பைக்காரி எப்படி இருப்பாளோன்னு தினமும் பஸ்ல தேடிக்கினு இருந்தேனே!"

மீனம்மாள் அவளை அடுப்படிக்கு அழைத்துப் போனாள். பாய்களை எப்படித் தள்ளிப் போடுவது, எங்கே நிற்பது, எந்தக் குரலில் கூப்பிடுவது என்று பெண்கள் பேசியது வெளியே கேட்கவில்லை.

அன்று மத்தியானம் அருள்நாதன் ஓ.டி.க்குப் போகவில்லை. கூடத்தில் படுத்தார், கிளாரா உள்ளே பாத்திரம் துலக்கும் சத்தத்தைக் கேட்டபடியே தூங்கிப்போனார்.

சாயந்திரம் கிளாரா கால்மாட்டில் வந்து நின்றாள். வெகுநேரம் நின்றாள். பயமில்லாமல் இல்லை. பிறகு குனிந்து கட்டைவிரலைப் பிடித்து இழுத்தாள்.

அவர் கை முஷ்டியாக உயர்ந்து காற்றைக் குத்தியது.

"நான்தான். கிளாரா. நம்ம வூடு" என்றாள், விரலை விடாமல். கை மெல்ல இறங்கியது.

"சரியாயிட்டுதா?" என்று கேட்டாள்.

"இல்ல" என்றார் அருள்நாதன்.

"சரி. டீ ஆறிப்போவுது, எழுந்து வாங்க" என்றாள். வாசலில் இருந்த பை அங்கேயே இருந்தது. அதை உள்ளே எடுத்து வைக்க அவளுக்கு இன்னும் ஒரு வாரம் ஆனது.