கில்ராய்த் ஊட்டுக் கல்யாணம்

ஷேர் ஆட்டோவில் இடுப்பை நுழைக்க இடம் கிடைத்ததும், ஹில்டா, கூட வேலைபார்க்கும் வனஜாவிடம் நேற்று விட்ட இடத்திலிருந்து தொடர்வார். "அந்த வால்டர் கீறானே, வனஜா, மூணாவது கட்டிகினான்டி. ரெண்டாவது செத்து நாப்பது நாள்கூட ஆவல." டிரைவர் தாங்காமல் திரும்புவார். "எந்தத் தெருக்கா?"

"தெரு இல்ல நைனா, கோட்டை. ஆயிரத்து முந்நூத்து எழுபத்தொண்ணாம் வருசம். நீ ரோட்டப் பாரு."

வெள்ளானூர் ஹில்டாவுக்குப் பிழைப்பு அம்பத்தூர் எஸ்டேட்டில். வெளிநாட்டுக் குடும்பங்களின் வம்சாவளியைக் கம்ப்யூட்டரில் ஏற்றும் கம்பெனி. பழைய புத்தகப் பக்கங்கள் திரையில் வரும். யார் யாருக்குப் பிறந்தார், யாரைக் கட்டினார் என்று ஆளுக்கொரு பெட்டி போட்டுக் கோடு இழுக்க வேண்டும். பதினொரு மாதமாக ஸ்காட்லாந்தின் கில்ராய்த் பிரபுக்கள் இவர் கையில். படிப்பு பன்னிரண்டாவது. ஆனால் அறுநூறு வருஷத்துக்கு முந்தைய அந்த வீட்டில் எந்தத் தம்பி அண்ணன் நிலத்தை அமுக்கினான், யாருக்கு யார்மேல் கண், எல்லாம் அத்துப்படி. பிடிக்காத பிரபுவின் பெயரை அடிக்கும்போது கீபோர்டு அலறும். சாப்பாட்டு வேளையில் இவருடைய மீன் குழம்பைவிடச் சேதிக்குத்தான் கூட்டம்.

போன செவ்வாய்க்கிழமை ராபர்ட் என்பவனின் பெட்டி சிவந்துவிட்டது. அவன் கட்டியிருந்தது சொந்த அத்தை மகள் மார்ஜரியை. இவ்வளவு நெருங்கிய உறவில் கல்யாணம் இருக்காது என்று சாஃப்ட்வேர் அடம்பிடித்தது. டீம் லீடர் ஸ்ரீநாத் வந்து நின்றார்.

"ரெண்டு பெட்டிக்கும் நடுவுல இருக்கற கோட்ட அழிச்சிடுங்கக்கா. அந்தக் காலத்துல சர்ச்சுல சொந்தத்துல கட்ட விடமாட்டாங்க. சிவப்போட போனா உங்கள இன்சூரன்ஸ் ஃபாரம் அடிக்க மாத்திடுவாங்க."

"இன்னா தம்பி, அசால்ட்டா சொல்ற? அழிச்சா இவங்க புள்ளைங்க ஏழும் அப்பன் பேரு இல்லாம நிக்கும்."

"ப்ரூஃப் இருக்கா?"

"எங்க ஊட்டுக்காரரு என் மாமன் மவன். பிஷப் ஆபீசுல பேப்பர் வாங்கிதான் கட்டிகினேன். நானே வாங்கிகீறேன், பிரபு வாங்காம இருப்பானா?"

ஸ்ரீநாத் ஆறு மணிவரை கெடு கொடுத்தார்.

அன்று மதியம் சேதிக் கூட்டம் ஏமாந்துபோனது. டிபன் பாக்ஸைத் திறக்காமல் ஹில்டா கில்ராய்த் புத்தகத்தின் நானூறு பக்கத்தையும் தள்ளிக்கொண்டே போனார். யாரும் எட்டிப்பார்க்காத கடைசிப் பக்கங்களில் பழைய லத்தீன் கடிதங்கள். லத்தீனுக்கும் அவருக்கும் ஒட்டுறவில்லை. ஆனால் ஒரு சொல்லைப் பார்த்ததும் விரல் நின்றது. வால் வேறு, தலை அதே தலை: டிஸ்பென்ஸ். சொந்தத்தில் கட்டிக்கொள்ள பிஷப் ஆபீஸ் விலக்கு தந்த பேப்பரில் மேலே தடித்த எழுத்தில் இருந்த சொல். அதற்குக் கீழேயே ராபர்ட், மார்ஜரி; கடிதத்தின் தலைப்பில் போப்பின் பெயர்.

"தம்பி, மாட்டிகிச்சு! போப்பே குடுத்துக்கீறாரு!"

ஸ்ரீநாத் போனில் மொழிபெயர்த்துப் பார்த்தார். இரண்டு முறை படித்தார். "சரிக்கா, கோடு இருக்கட்டும். காரணத்தை எழுதி நீங்களே ஓகே பண்ணுங்க."

"பொண்ணு ஊட்டுக்காரி! பிரியாணி எப்பக்கா?" என்றாள் வனஜா.

ஹில்டா காரணத்தை அடித்து முடித்தார். நாற்காலியைப் பின்னுக்குத் தள்ளி எழுந்தார். சர்ச்சில் கல்யாணத்துக்கு நிற்பதுபோல் துப்பட்டாவை எடுத்துத் தலையில் போட்டுக்கொண்டு, நின்றபடியே என்டரைத் தட்டினார்.