திங்கட்கிழமைக்குள் நான்கு டயர்

திங்கட்கிழமை காலை பத்து மணிக்குக் கார் போக்குவரத்து அலுவலகத்தின் மைதானத்தில் நிற்க வேண்டும். பதிவைப் புதுப்பிப்பதற்கான சோதனை. டயர்கள் நான்கும் தேய்ந்து வழுக்கையாகியிருந்தன. அவற்றோடு போனால் தேறாது. தேறாவிட்டால் கார் காயலான் கடைக்குப் போகும். இது என் மனைவியின் நிபந்தனை. நானும் ஒப்புக்கொண்டிருந்தேன். பின்சீட்டின் ஸ்பிரிங் அவளுடைய இரண்டு புடவைகளைக் கிழித்திருந்ததால் மறுத்துப் பேச இடமில்லை.

புது டயரும் டியூபும் வெள்ளிக்கிழமையே வாங்கிவிட்டேன். மாட்டும் வேலையைக் கடையில் விடவில்லை. முந்தைய ஆண்டு ஒரு கடையில் மெஷினின் பிடி என் ரிம் ஒன்றின் ஓரத்தை நசுக்கிவிட்டது. இந்தக் காருக்கு ரிம் செய்வதை நிறுத்திப் பல வருடம் ஆகிறது. அந்த ஒன்றுக்கு மாற்றுத் தேட மூன்று மாதம் அலைந்தேன். எனவே இந்த முறை கருவடிக்குப்பத்தில், எங்கள் வீட்டு வாசலிலேயே, கையால் மாட்டுவது என்று முடிவு செய்தேன்.

ஞாயிறு காலை ஆறரைக்குத் தொடங்கினேன். இரண்டு இரும்பு லிவர், ஒரு வாளி சோப்புத் தண்ணீர், ஜாக்கி. காலால் மிதிக்கும் பம்பை மாடி வீட்டுக்காரர் கொடுத்தார். பிரெஞ்சு ராணுவத்தில் இருந்து ஓய்வு பெற்றவர். ஆறு மாதம் பிரான்சில், ஆறு மாதம் இங்கே. ஆண்களை முசியே என்றும் பெண்களை மதாம் என்றும்தான் அழைப்பார். பம்பைக் கொடுத்துவிட்டுப் படியிலேயே உட்கார்ந்துகொண்டார்.

“அங்கெல்லாம் மெஷின்தான் முசியே. அஞ்சு நிமிஷம்.”

“அங்க இந்த ரிம்மு கிடைக்குமா?”

“இந்தக் காரே கிடைக்காதே.”

முதல் சக்கரத்தைக் கழற்றி, அந்த இடத்தில் ஸ்டெப்னியைப் பூட்டினேன். பழைய டயர் ரிம்மோடு ஒட்டிப் போயிருந்தது. சக்கரத்தைக் காருக்கு அடியில் படுக்க வைத்து, டயர் மேல் ஜாக்கியை நிறுத்தி ஏற்றினேன். காரின் எடை அழுத்த அழுத்த டயர் விட்டுக்கொடுத்தது. இரண்டு பக்கமும் பிரிக்க நாற்பது நிமிடம் ஆனது.

புது டயரின் ஒரு விளிம்பு எளிதாக ரிம்முக்குள் இறங்கியது. டியூபை உள்ளே திணித்தேன். மறு விளிம்பும் முக்கால் சுற்று வரை வந்தது. கடைசி ஒரு சாண் மட்டும் இறங்க மறுத்தது. இரண்டு லிவரையும் கொடுத்து உடல் எடையைப் போட்டு நெம்பினேன். இறங்கியது. பம்பை மிதித்தால் மிதிக்கிற காற்றெல்லாம் சீறிக்கொண்டு வெளியேறியது. லிவர் டியூபைக் கடித்திருந்தது.

பிரித்து, பஞ்சர் ஒட்டி, மறுபடி மாட்டினேன். இரண்டாவது முறை வேறு இடத்தில் கடித்தது. மூன்றாவது முறையும் கடித்தபோது மணி பன்னிரண்டரை. மாட்டி முடித்த சக்கரம் ஒன்றுகூட இல்லை. வலது கட்டை விரல் நகம் கறுத்திருந்தது.

சமையலறை ஜன்னலில் இருந்து மனைவி கேட்டாள்: “எத்தனை முடிஞ்சுது?”

“முதல் சக்கரம்தான் ஓடிக்கிட்டிருக்கு.”

“காயலான் கடைக்காரரு நாளைக்கு மத்தியானம் வரேன்னாரு. கேட்டு வச்சிட்டேன்.”

மூன்றாவது ஒட்டு காயக் காத்திருந்தேன். காய்ந்ததும் டியூபை எடுத்தேன். அப்போது அவள் கையைத் துடைத்துக்கொண்டு வாசலுக்கு வந்தாள்.

“டியூபை இப்படியா போடுவாங்க? செத்த பாம்பு மாதிரி கிடந்தா லிவர் கடிக்காம இன்னா பண்ணும்? ஒரு பத்து மிதி காத்து வச்சுப் போடுங்க. வடிவுக்கு வந்தா ஒதுங்கி நிக்கும்.”

அவள் பாகூர்ப் பக்கம். அண்ணன்கள் மூன்று பேரும் வாடகைக்கு டிராக்டர் ஓட்டுகிறவர்கள். டயரைக் களத்து மேட்டிலேயே மாற்றுவார்கள். இது எனக்குத் தெரியும். அவளிடம் கேட்க வேண்டும் என்று மட்டும் தோன்றவில்லை.

“காலையில இருந்து பாத்துக்கிட்டுத்தான இருந்த?”

“ஆமா. எப்ப விடுவீங்கன்னு பாத்தேன்.”

“இப்ப ஏன் வந்த?”

“குழம்பு ஆறுது. எங்க வீட்ல கழட்டின சக்கரத்தை மாட்டாம யாரும் சோத்துல கை வைக்க மாட்டாங்க. நீங்களும் விடுற மாதிரி தெரியல.”

உள்ளே போய் முகப் பவுடர் டப்பாவை எடுத்து வந்து டயரில் ஒட்டாமல் வழுக்கட்டும் என்று டியூப் முழுக்கத் தூவினாள். பத்து மிதி காற்றோடு நான் அதை உள்ளே போட்டதும், டயர் மேல் ஏறி, என் தோளைப் பிடித்துக்கொண்டு நின்றாள். ரிம்மின் நடுவில் ஒரு பள்ளம் உண்டு. ஒரு பக்கத்து விளிம்பை மிதித்து அந்தப் பள்ளத்தில் தள்ளினால்தான் எதிர்ப் பக்கம் இடம் கிடைக்கும். நான் ஆறு மணி நேரமாக எதிர்ப் பக்கத்தை மட்டுமே நெம்பிக்கொண்டிருந்திருக்கிறேன். லிவரை அரை அடி நகர்த்தினேன். கடைசிச் சாண் சத்தமில்லாமல் இறங்கியது. பம்பை மிதித்தேன், இந்த முறை காற்று உள்ளேயே நின்றது.

சாப்பிட்டுவிட்டு அடுத்த சக்கரத்தைக் கழற்றினோம். அது ஐம்பது நிமிடம், மூன்றாவது முப்பத்தைந்து. மாடி வீட்டுக்காரர் ரிம்மைப் பிடித்துக்கொண்டார்.

“மெஷின் இங்கயே இருந்திருக்கு முசியே. மதாம்தான்.”

“மெஷினுக்கு இடுப்பு வலிக்குது. பம்பை மிதிங்க” என்றாள் அவள். அவர் மிதித்தார். ஆறு மணிக்கு முன் நான்கும் முடிந்தன.

திங்களன்று ஆய்வாளர் விளக்கு, பிரேக், ஹாரன் பார்த்தார். குனிந்து டயர்களைச் சுற்றி வந்தார். ஒரு டயரின் பக்கத்தில் வெள்ளைப் பவுடர் தடம் இருந்தது. விரலால் தேய்த்துப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார். கார் தேறியது. மைதானத்தில் இருந்தே மனைவிக்குப் போன் செய்தேன்.

“இன்னும் அஞ்சு வருஷம் ஓட்டலாம்.”

“அஞ்சு வருஷமா? அப்ப நேரா வீட்டுக்கு வராதீங்க. சீட்டுத் தைக்கிற கடையில விட்டுட்டு வாங்க. அந்தக் காயலான் கடைக்காரருக்கு நான் சொல்லிக்கிறேன்.”