சேம்பருக்குள் ஒரு சிட்டிகைத் திருநீறு

மூன்று வருடங்களுக்கு முன்பு, மலேசியாவின் ஜொகூரில் விண்வெளிப் பொறியியல் முதுகலை படித்துக்கொண்டிருந்தபோது நடந்தது இது. நான் திருச்சிப் பக்கத்திலிருந்து போனவள். ராக்கெட் விடப் போகிறேன் என்று சொந்தக்காரர்கள் நினைத்துக்கொண்டிருந்தார்கள். முதல் வருடம் முழுக்க நான் செய்தது திருகாணி முடுக்கியதுதான்.

எங்கள் ஆய்வகத்தில் ஏமன் நாட்டிலிருந்து வந்த சீனியர் ஒருவர் இருந்தார். நட்சத்திரங்களைப் பார்த்துத் திசை கண்டுபிடிக்கும் கேமரா ஒன்றைச் செய்துகொண்டிருந்தார். டிபன் டப்பா அளவுதான் இருக்கும். அதற்கு இரண்டு வருடம் உழைத்திருந்தார். கடைசியாக ஒரே ஒரு சோதனை பாக்கி. காற்றையெல்லாம் உறிஞ்சி எடுத்துவிட்டு, விண்வெளி மாதிரியே சூடும் குளிரும் கொடுக்கிற பெரிய இரும்புக் கலன் இருக்கிறது. நாங்கள் சேம்பர் என்போம். அதற்குள் கேமரா ஒரு நாள் தாக்குப்பிடித்தால் அவருக்குப் பட்டம். அந்த மாதக் கடைசியோடு அவருடைய மாணவர் விசா முடிகிறது. பட்டம் கிடைத்தால் வேறொரு நாட்டில் வேலை தயார், மனைவியையும் மகளையும் அங்கே அழைத்துக்கொள்ளலாம் என்று காத்திருந்தார்.

சேம்பர் எங்களுக்கு வியாழன் வரை. திங்கட்கிழமை காலை கேமராவை உள்ளே பொருத்திவிட்டு, அவர் ஒரு கேபிள் எடுக்க வெளியே போனார். நான் மட்டும் இருந்தேன். எங்கள் வீட்டில் புது சைக்கிளானாலும் கிரைண்டரானாலும் திருநீறு பூசாமல் ஓட்ட மாட்டார்கள். அம்மா அனுப்பிய பொட்டலம் என் பையில் இருந்தது. பாவம், இந்த மனுஷனுக்கு நல்லபடியாக முடியட்டும் என்று நினைத்து, கையுறையைக் கழற்றி, ஒரு சிட்டிகை எடுத்துக் கேமராவின் அடித்தட்டில் பூசிவிட்டேன். அந்த அறைக்குள் பவுடர் பூசிய முகத்தோடு வரக்கூடாது என்பது முதல் நாளே சொல்லிக்கொடுக்கும் பாடம். எனக்கு அது தெரியும். தெரிந்தேதான் செய்தேன்.

மறுநாள் திறந்தபோது கேமராவின் கண்ணாடி மூச்சு விட்டது போல மங்கியிருந்தது. சோதனைக்காகக் காட்டிய நட்சத்திரப் புள்ளிகள் ஒன்றும் அதில் தெரியவில்லை. பேராசிரியர் ஒரு பார்வை பார்த்தார். "அந்தப் பசை வேண்டாம் என்று அப்போதே சொன்னேன். சூட்டில் ஆவியாகிக் கண்ணாடியில் படிந்துவிட்டது" என்றார். கண்ணாடியை ஒட்டுவதற்குச் சீனியர் தேர்ந்தெடுத்த பசை அது. மாற்ற வேண்டுமென்றால் பிரித்து, ஒட்டி, உலரவிட்டு, குறைந்தது ஒரு மாதம் ஆகும்.

பம்ப் ஓட ஆரம்பித்ததும் காற்று வெளியேறுகிற வேகத்தில் திருநீற்றுப் பொடி கிளம்பிக் கண்ணாடியில் படியும் என்பதை யோசிக்காமல் போய்விட்டேனே! ஆனால் வாயைத் திறக்கவில்லை. விண்வெளி படிக்க வந்தவள் மெஷினுக்குத் திருநீறு பூசினாள் என்று சிரிப்பார்களே, ஆய்வகத்துக்குள்ளேயே விடமாட்டார்களே என்ற பயம். ஒருவேளை பசைதானோ என்னவோ என்று எனக்கு நானே சமாதானம் சொல்லிக்கொண்டேன்.

இரண்டு நாள் அப்படியே ஓடியது. கேண்டீனில் அவர் எதிரில் உட்கார்ந்து, தேங்காய்ப்பால் சோறான நாசி லெமாக் சாப்பிட்டேன். அவர் சாப்பிடவில்லை, பசையின் விவரத்தாளைத் திரும்பத் திரும்பப் படித்துக்கொண்டிருந்தார். "விடுங்க, வேற பசை போட்டிருக்கலாம்" என்று ஆறுதல் வேறு சொன்னேன். அவர் தலையாட்டினார்.

வியாழன் சாயங்காலம், சேம்பரை அடுத்த குழுவுக்காகச் சுத்தம் செய்ய டெக்னீசியன் அக்கா வந்தார். பக்கத்து ஊரான கெலாங் பாத்தாவிலிருந்து வேலைக்கு வரும் தமிழ்க்காரர். கேமரா இன்னும் உள்ளேதான் இருந்தது. டார்ச் அடித்துப் பார்த்தவர், அதைச் சுற்றிப் படிந்திருந்த வெள்ளைப் பொடியை விரலால் தொட்டார், முகர்ந்தார், என்னைக் கூப்பிட்டார்.

"தங்கச்சி, இது பசை கிசை இல்ல லா. திருநீறு. தினம் பூசுறவ நான், எனக்குத் தெரியாதா? நீங்கதானே போட்டீங்க?"

ஆமாம் என்று தலையாட்டினேன்.

"அந்தத் தம்பி ஊருக்குப் போக ஏர்போர்ட் பஸ் எங்க ஏறணும்னு காலையில என்கிட்ட கேட்டாரு. நான் இன்னும் துடைக்கல. போய் புரொபசரைக் கூட்டிட்டு வாங்க."

போனேன். பேராசிரியர் வந்து பார்த்தார். பஞ்சில் ஆல்கஹால் தொட்டுக் கேமராவின் கண்ணாடியைத் துடைத்தார். பளிச்சென்று ஆகிவிட்டது. மறுநாள் சேம்பருக்கு வரவேண்டிய குழுவுக்கு உடனே போன் செய்து ஒரே ஒரு நாள் கேட்டார். வெளியூர்க்காரர்கள், ஏற்கெனவே வந்து இறங்கிவிட்டோம் என்று மறுத்துவிட்டார்கள். அதற்கடுத்து சேம்பர் கிடைக்க இரண்டு மாதம். விசாவை நீட்டிக்கச் சொல்லி அவரே கடிதம் எழுதினார். அனுமதி வரவில்லை.

சீனியரிடம் நானேதான் சொன்னேன். கேட்டுக்கொண்டே இருந்தார். "உனக்கு எப்போ தெரியும்?" என்றார்.

"கண்ணாடியைப் பார்த்த அன்றைக்கே."

"அன்றைக்கே சொல்லியிருந்தால் பத்து நிமிட வேலை. புதன்கிழமை மறுபடி ஓட்டியிருக்கலாம்" என்றார். கோபமாகக் கூடச் சொல்லவில்லை. பிறகு, "நீ எனக்காகக் கும்பிட்டதில் வருத்தமில்லை. ரெண்டு நாள் என் எதிரில் உட்கார்ந்து சாப்பிட்டாயே. பசையைப் பற்றி வேறு பேசினாய்" என்றார்.

மன்னிப்புக் கேட்டேன். கிளம்பும் நாளில் பஸ் ஏற்றிவிட வரட்டுமா என்று கேட்டேன், வேண்டாம் என்றுவிட்டார். பட்டமில்லாமல் ஊருக்குப் போனார். அந்த வேலை கைவிட்டுப் போயிற்று என்று பின்னால் பேராசிரியர் சொல்லித்தான் தெரியும். நான் அனுப்பிய செய்திகள் எதற்கும் பதில் இல்லை. நான் மட்டும் படிப்பை முடித்து, அதே ஊரில் ஒரு கம்பெனியில் வேலையும் வாங்கிவிட்டேன்.

இன்றைக்கும் நெற்றியில் திருநீறு வைத்துக்கொள்கிறேன். அதன் மேல் என்ன தப்பு? தப்பெல்லாம் நான் வாயை மூடிக்கொண்டிருந்த அந்த இரண்டு நாளில்தான். அவருடைய கேமரா ஆய்வக அலமாரியில், சோதனையில் தேறாதவை இருக்கும் தட்டில் கிடக்கிறது. பசையில் குறையே இல்லை என்பது இந்த உலகத்தில் நாலே பேருக்குத்தான் தெரியும், முதலில் தெரிந்தவள் நான்.