நீலாவின் உள்ளங்கை

ஆபீஸ் போர்டைத் துடைக்க டஸ்டர் இருக்கிறது. நீலா அதைத் தொட மாட்டாள். பிடிக்காத கோட்டை உள்ளங்கையாலேயே அழிப்பாள். சைனிக்புரி வீட்டில் சாதம் பிசைய உட்காரும்போதுகூட, கழுவியும் போகாத மார்க்கர் நீலம் கையில் மிச்சம் இருக்கும்.

"இந்த டப்பா படுத்துடுத்துன்னா பக்கத்து டப்பா நிக்குமா?" எந்தக் கூட்டத்திலும் அவள் கேட்பது இதைத்தான். டப்பா என்றால் போர்டில் வரைந்த கட்டம். ஊரூராகக் கிளை பரப்பிய ஒரு பெரிய ஆஸ்பத்திரிக் குழுமத்துக்கு, ஹைதராபாத்தில் உட்கார்ந்து மென்பொருள் வடிவமைப்பது அவள் வேலை. பழைய மென்பொருள் ஒரே மொத்தை. ஒரு பக்கம் தொட்டால் இன்னொரு பக்கம் கழன்றுகொள்ளும். அதை உடைத்து, நோயாளியைச் சேர்க்க ஒன்று, பில் போட ஒன்று, ரத்தப் பரிசோதனைக்கு ஒன்று என்று தனித்தனி சர்வீஸ்களாக ஆக்குகிறார்கள். ஆக்கிய கையோடு, ஒன்றைக் கேட்காமல் மற்றொன்று அசையக் கூடாதென்று அம்புக்குறி போட்டுக் கட்டியும் வைக்கிறார்கள். பாகம் பிரித்துக்கொண்ட அண்ணன் தம்பிகள் ஒரே சாவிக்கு மல்லுக்கட்டுகிற கூத்து. பார்த்தாலே அவளுக்குப் பற்றிக்கொண்டு வரும்.

அதனால், சோதனைக்கு ஓடிக்கொண்டிருக்கும் சர்வீஸ் ஒன்றை எல்லோர் எதிரிலும் நிறுத்தச் சொல்வாள். முதுகுக்குப் பின்னால் அவளுக்கு 'ஃபியூஸ் பிடுங்கி' என்று பெயர். "ஹவ், ஆமா, நான்தான்" என்று ஹைதராபாத் பாணியில் சிரிப்பாள்.

இந்த வாரம் இயக்குநர் சுந்தரேசன் சேர்க்கையிலிருந்து பில்லிங்குக்கு ஓர் அம்பு போட்டார். பில்லிங் சரி என்ற பிறகே சேர்க்கை. அவசரப் பிரிவுக்கும் அதுவே சட்டம்.

"பில்லிங்கை நிறுத்து, ஹர்ஷிதா" என்றாள் நீலா.

குழுத் தலைவி ஹர்ஷிதா நிறுத்தினாள். திரையில் சேர்க்கைப் பக்கமும் நகராமல் சுற்றிக்கொண்டே நின்றது. "அட்மிஷன் கூட ஹேங்க் அயிப்போயிந்தி மேடம்."

"வாசல்ல நெஞ்சுவலின்னு ஒருத்தர் கெடக்கறார் சார். பில்லிங் எழுந்துக்கற வரைக்கும் இருக்கச் சொல்லட்டுமா? முதல்ல சேர்த்துக்கணும். தகவலை பில்லிங்குக்குத் தள்ளிவிட்டா, அது எழுந்தப்புறம் பார்த்துக்கும்."

"எப்பவோ ஒரு தரம் படுக்கும், அதுக்கா இவ்வளவு? அடுத்த வாரம் எல்லாக் கிளையிலும் ஆரம்பிக்கறோம் நீலா. ஒத்துக்கலைன்னா ப்ராஜெக்ட்டை வேற ஆள்கிட்ட குடுத்துடுவேன்."

வருஷக்கணக்கில் கட்டியது. இழக்க மனசில்லைதான். கோபம் அதைவிடப் பெரிதாக இருந்தது.

"நக்கோ சார், முடியாது. குடுக்கறதுன்னா குடுத்துடுங்க. நான் இருக்கற வரைக்கும் இந்த அம்பு இருக்காது." எழுந்து போய் உள்ளங்கையால் ஒரே இழுப்பாக அழித்தாள்.

சுந்தரேசனுக்கு முகம் சிவந்துவிட்டது. பார்சல் பெட்டியில் எழுதுகிற அழியாத மார்க்கரை எடுத்து, அதே இடத்தில் அதே அம்பைத் தடிமனாக இழுத்தார். "இப்ப அழிங்க, பார்க்கலாம்."

நீலா தேய்த்தாள். அசையவில்லை. பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள்.

ஆஸ்பத்திரிக் கம்பெனி, மேஜைக்கு மேஜை சானிடைசர் இருக்கும்; அதிலிருக்கும் ஸ்பிரிட்டுக்கு அழியாத மையும் கரையும். ஒரு பாட்டிலை இழுத்து, உள்ளங்கை நிறையப் பிழிந்துகொண்டு, நீலா மறுபடியும் போர்டுக்குப் போனாள்.