நான்காவது கொக்கி

ரோண்டாவுக்குக் கதை விடத் தெரியாது. பள்ளிக்கூட அலுவலகத்தில் ஒன்பது வருடமாக எனக்கு எதிர் மேசையில் உட்காருகிறாள். ஒரு ஜோக்கைக்கூட ஒழுங்காகச் சொல்லி முடித்ததில்லை. இதை மட்டும் மூன்று தடவை சொன்னாள். மூன்று தடவையும் ஒரு வார்த்தை மாறவில்லை. அதனால்தான் நம்புகிறேன்.

அமெரிக்காவின் வடக்கே, சுப்பீரியர் ஏரிக்கரையில் மே மாதம் பிறந்தால், ஜீப் வைத்திருப்பவர்களுக்கு முதல் வேலை, குளிருக்குப் போட்ட கெட்டிக் கூரையைக் கழற்றி வைப்பதுதான். ஃபைபர் கூரை. அறுபத்தைந்து கிலோ. இரண்டு ஆள் வேண்டும். பத்தொன்பது வருடம் ரோண்டாவின் புருஷன் டேல் அந்த இன்னொரு ஆளாக இருந்தான். போன அக்டோபரில் பெட்டியைத் தூக்கிக்கொண்டு கிளம்பும்போது, “நான் இல்லாம ஒரு பல்பு மாத்துவியா நீ?” என்று கேட்டுவிட்டுப் போனான். வீட்டை விற்றார்கள். ரோண்டா ஊர்க்கோடியில் ஒரு வாடகை வீட்டுக்கு வந்தாள். அந்தக் குளிர்காலம் முழுக்க அவள் கதவை ஒருவரும் தட்டவில்லை. சில ஞாயிற்றுக்கிழமைகளில் தன் குரலையே கேட்காமல் படுக்கப் போயிருக்கிறாள்.

அந்த வீட்டுக் கேரேஜின் உத்தரத்தில் ஒரு கப்பி தொங்கியது. நான்கு பட்டைகள், நுனியில் நான்கு கொக்கிகள், சுவரில் ஒரு சுற்றுப்பிடி. முன்பு இருந்தவர் யாரோ மாட்டியது. இது இருந்தால் கூரையை ஒற்றை ஆளே தூக்கிவிடலாம். யாரையும் கேட்க வேண்டாம் என்று அவள் முடிவு செய்தாள்.

மே பதினெட்டு, சனிக்கிழமை. மத்தியானம் 3:10. நல்ல வெயில். ஜீப்பைக் கப்பிக்கு அடியில் நிறுத்தினாள். பின்கண்ணாடிக்குப் போகும் ஒயரைப் பிடுங்கினாள். அந்தக் கண்ணாடியைக் கழுவும் தண்ணீர்க் குழாயைக் கழற்றினாள். உள்ளே ஆறு போல்ட். முன்பக்கம் இரண்டு பூட்டு. நான்கு மூலையிலும் கொக்கிகளை மாட்டினாள்.

3:34. பிடியைச் சுற்றினாள். டக்... டக்... டக்... கூரை ஓர் அங்குலம் எழும்பியது. உடனே சாய்ந்தது. இடதுபுறப் பின்மூலை மட்டும் இறங்கிப் போயிற்று. ஓடிப்போய்த் தோளால் முட்டித் தூக்கினாள். திரும்பி வந்து சுற்றினாள். மறுபடி சாய்ந்தது. மூன்று தடவை இப்படியே. தோள் கன்றிவிட்டது.

“ஒரே ஒரு ஆள் இருந்தா போதும்...” என்று வாய்விட்டுச் சொன்னாள். சொன்னதற்கே வெட்கமாக இருந்தது. கண் கலங்கியது.

3:42. கடைசித் தடவை என்று பிடியைச் சுற்றினாள்.

இந்த முறை சாயவில்லை. தட்டு மாதிரி மட்டமாக மேலே போயிற்று. பிடிகூட இலேசாக இருந்தது. அந்த மூலைப் பக்கம் யாரோ மூக்கால் மூச்சு விடுவது போல ஒரு சத்தம்... கேரேஜ் கதவில் காற்று என்று நினைத்துக்கொண்டாள்.

3:51. ஜீப்பைப் பின்னால் எடுத்து வெளியே நிறுத்தினாள். தலைக்கு மேல் ஆகாயம். ஏழு மாதத்துக்குப் பிறகு அன்றைக்குத்தான் சிரித்தாள். சிரித்துக்கொண்டே கேரேஜுக்குள் பார்த்தாள்.

கூரை அந்தரத்தில் தொங்கியது. மூன்று பட்டைகள் விறைப்பாக இருந்தன.

நான்காவது பட்டை தொளதொளவென்று தொங்கியது. அதன் கொக்கியில் ஒன்றும் இல்லை. அது மெல்ல ஆடிக்கொண்டிருந்தது.

இடதுபுறப் பின்மூலை. ஆனால் அந்த மூலை இறங்கவில்லை. ஒரு நூல்கூட.

வெளியே காற்றே இல்லை என்பது அப்போதுதான் உறைத்தது.

ஹ்ம்ம்... ஹ்ம்ம்...

பாரம் தாங்குகிறவன் விடும் மூச்சு.

பிறகு, பல்லைக் கடித்துக்கொண்டு பேசுவது போல ஒரு குரல்.

“கொஞ்சம்... பிடிங்களேன்...”

ஓடியிருக்க வேண்டும். அவளே சொல்கிறாள். ஆனால் அந்தக் குரலில் இருந்த களைப்பு அவளுக்குத் தெரிந்த களைப்பு. கால் தானாக உள்ளே போயிற்று.

மூலைக்கு அடியில் இரண்டு கையையும் கொடுத்தாள்.

கனமே இல்லை.

ஒரு கையால் கொக்கியை இழுத்து மாட்டினாள். பட்டை விறைத்தது.

டப்!

மொத்தக் கூரையும் அரை அங்குலம் இறங்கி நின்றது. யாரோ... விட்டுவிட்டார்கள்.

காதோரம் நீளமாக ஒரு பெருமூச்சு.

பனிக்கட்டி மாதிரி.

ஓடினாள்.

4:05. ஜீப்பின் பக்கத்தில் நடுங்கிக்கொண்டு நின்றவளைப் பார்த்து, பக்கத்து வீட்டுக் கிழவர் வெய்னோ வேலியைச் சுற்றிக்கொண்டு வந்தார். அதுவரை அவர்கள் இரண்டு பேரும் கையசைத்ததோடு சரி. தொங்கும் கூரையைப் பார்த்ததும் அவர் நின்றுவிட்டார்.

“யாரும்மா கூடப் பிடிச்சது?”

“யாரும் இல்ல. நான் மட்டும்தான்.”

“என்னை ஒரு வார்த்த கேட்டிருக்கலாமில்ல... லைல்னு ஒரு பையன். உனக்கு முன்னாடி இங்க இருந்தான். ஒண்டி ஆளு. ரெண்டு வருஷம் முன்னாடி இதே மாதிரி கழட்டினான். ஒரு கொக்கி நழுவிடுச்சு போல. ‘கொஞ்சம் பிடிங்க’ன்னு சத்தம் கேட்டுச்சு. நான் ரேடியோன்னு நெனச்சேன்.”

“கூரை விழுந்துடுச்சா?”

“இல்ல. அவனுக்கு நெஞ்சு நின்னுபோச்சு. அது சனிக்கிழமை. நான் கதவைத் தெறந்தது திங்கக்கிழமை.”

அவர் கேரேஜைப் பார்க்காமல், தன் செருப்பைப் பார்த்துக்கொண்டே சொன்னார்.

“நின்னுக்கிட்டு இருந்தாம்மா. கை ரெண்டும் மேல. கூரை ஒரு நூல்கூட எறங்கல.”