நான் பிடுங்கிய டெலிபோன் வயர்

தொண்ணூறுகளின் கடைசியில் காரைக்குடியில் எட்டாம் வகுப்பு ஆசிரியையாக இருந்தேன். நிலாவிலிருந்து பார்த்தால் சீனப் பெருஞ்சுவர் தெரியும் என்று ஒருநாள் பாடத்தில் சொன்னேன்.

"தெரியாதுன்னு எங்க அப்பச்சி சொன்னாக டீச்சர்" என்றாள் வள்ளியம்மை.

"அப்ப உங்க அப்பாவையே வந்து பாடம் நடத்தச் சொல்லு. எந்திரிச்சு நில்லு!"

அதோடு விடவில்லை. டெலிபோன் லைன் வழியாகப் பள்ளிக்குப் புதிதாக வந்திருந்த இன்டர்நெட்டில் நிரூபித்துக் காட்ட, எல்லோரையும் கம்ப்யூட்டர் அறைக்குக் கூட்டிப்போனேன். பிள்ளைகள் தரையில் உட்கார்ந்தார்கள். வள்ளியம்மையை மட்டும் நிற்க வைத்தேன்.

சீனச் சுவரின் படம் திரையில் மேலிருந்து கோடு கோடாக இறங்கியது. பதில் அதற்குக் கீழே வர வேண்டும். ஒருவேளை அவள் சொன்னதுதான் சரியென்றால்? மேசைக்குப் பின்னால் கையை விட்டு டெலிபோன் வயரைப் பிடுங்கிவிட்டேன்.

"லைன் போச்சு, பிள்ளைகளா."

உட்கார்ந்திருந்தவர்களுக்கு மேசை மறைத்தது. நான் நிற்க வைத்தவளுக்கு மட்டும் என் கை தெரிந்திருந்தது. அவள் என்னையே பார்த்தாள். எல்லோரிடமும் சொல்லிவிடுவாளோ என்று பயந்தேன்.

அந்தப் பார்வையைத் தாங்க முடியாமல் வயரைத் திரும்பச் செருகி, மறுபடி இன்டர்நெட்டை இணைத்தேன். மெதுவாகப் பதில் வந்தது. நானே சத்தமாக வாசித்துச் சொன்னேன்: நிலாவிலிருந்து சுவர் தெரியாது.

"இப்ப உக்காரட்டுமா டீச்சர்?" என்றாள்.

அதற்குப் பிறகு எந்தப் பிள்ளையையும் நிற்க வைக்க எனக்குத் துணிச்சல் வரவில்லை.