நான் கீறிய பெட்டி

அந்தப் பெண் கந்தோரில் வேலைக்கு வந்த அன்று, நான் மாதக்கணக்காக ஒரு சதுரத்தோடு மல்லுக்கட்டிக்கொண்டிருந்தேன். கணனித் திரையில் சதுரத்தை மவுசால் பிடித்து இழுத்தால் அது கூடவே வரவேண்டும், விட்ட இடத்தில் நிற்கவேண்டும். அவ்வளவுதான். அந்த அவ்வளவுக்குள் என் உயிர் போய்க்கொண்டிருந்தது.

சண்டையால் யாழ்ப்பாணத்துக்குத் தரைப்பாதை அடைபட்டிருந்த காலம். அரிசியும் மாவும் மருந்தும் திருகோணமலையிலிருந்து கப்பலில்தான் போயின. அவற்றை ஏற்றிவிடுகிற கந்தோர் எங்களுடையது. கப்பலின் எந்தத் தட்டில் எதை வைப்பது என்று திரையிலேயே படமாக அடுக்கிப் பார்க்க ஒரு புரோகிராம் வேண்டும் என்று மனேஜர் கேட்டிருந்தார். நானும் அவளும் தற்காலிகம். யாருடையது சரிவருகிறதோ அவருக்கு நிரந்தர வேலை என்று சொல்லிவிட்டார்.

அவள் கிண்ணியாவிலிருந்து படகில் துறை கடந்து வருகிறவள். படித்த இடத்திலிருந்து ஒரு சீடியில் ஏதோ கருவித்தொகுதி கொண்டுவந்திருந்தாள். இன்னின்ன படங்கள், எது எதன் பக்கத்தில் இருக்கலாம், எது கூடாது என்று அதற்குச் சொல்லிக்கொடுத்தால் போதும். இழுப்பது, வைப்பது, அழிப்பது, அழித்ததை மீட்பது எல்லாவற்றுக்கும் திரையை அதுவே கட்டித் தந்துவிடும். நான் வரி வரியாக எழுதி மாய்ந்ததை அவள் ஒரு பின்னேரத்தில் முடித்தாள், அதுவும் கரண்ட் நின்று நின்று வந்த பின்னேரத்தில். மண்ணெண்ணெய்ப் பீப்பாயை மா மூட்டைக்குப் பக்கத்தில் கொண்டுபோனால் படம் சிவந்தது. எனக்கு வயிறு எரிந்தது.

என் புரோகிராமைத் தொடுமுன் உடைந்துவிடாதா என்று கேட்கிற மனேஜர், அவளுடைய கதிரையில் இருந்துகொண்டு பீப்பாய்களை இழுத்து இழுத்து விளையாடினார்.

“தம்பி, உம்மடையும் வடிவாத்தான் இருக்கு,” என்றார். “ஆனா ஒரு புதுச் சாமான் வந்தா உமக்கு ஒரு கிழமை வேணும்.”

அது உண்மை. அதனால்தான் அப்படிச் சுட்டது. வேலை அவளுக்குப் போனது. என்னைத் தட்டச்சு வேலைக்குத் தற்காலிகமாகவே வைத்துக்கொண்டார்கள். அவள் நல்லவளாக இருந்தது அடுத்த தொல்லை. பெருநாளுக்கு வீட்டில் கிண்டிய தொதல் இனிப்புக் கொண்டுவந்து முதல் துண்டை எனக்கே தந்தாள். தின்றுகொண்டே பொறாமைப்பட்டேன். காலையில் அம்மன் கோயிலைக் கடக்கும்போது, அந்தக் கருவி ஒரு தரமாவது நின்று தொலையட்டும் என்று கேட்டுக்கொள்வேன். அம்மன் காதில் போட்டுக்கொள்ளவில்லை. அவள் கீறிய அரிசி மூட்டைப் படம் தலையணை மாதிரி இருக்கிறது என்று தேநீர்க் கடையில் சொல்லித் திரிந்ததுதான் எனக்கு மிஞ்சிய ஆறுதல்.

ஒரு காலை, யாழ்ப்பாணத்துத் தகப்பன் ஒருவர் வந்தார். இங்கே ஆஸ்பத்திரியில் செத்துப்போன மகனை ஊருக்குக் கொண்டுபோகவேண்டும். கப்பல் அன்றே புறப்படுகிறது. ஏற்றுகிற எல்லாம் நாங்கள் அச்சடித்துக் கொடுக்கிற படத்தில் இருந்தால்தான் துறைமுக வாசலில் விடுவார்கள். அவளுடைய படங்களில் சவப்பெட்டி இல்லை.

புதுப் படம் சேர்க்கிற இடத்தைத் திறந்தவள் கையை எடுத்துவிட்டாள்.

“எனக்குக் கீற ஏலா அண்ணன். நீங்க கீறித் தாங்க.”

அவள் எழும்பிய கதிரையில் இருந்தேன். தகப்பன் மேசைக்கு அந்தப் பக்கம் நின்று பார்த்துக்கொண்டிருந்தார். நீளமாக, கால்பக்கம் ஒடுங்கலாக, மூடிக்கு ஒரு கோடு வைத்துக் கீறினேன். இதன் மேல் எதையும் வைக்கக்கூடாது என்று அவள் விதி எழுதினாள். கொஞ்ச நேரத்தில் அது அரிசி, மா, மண்ணெண்ணெய் வரிசையில் போய் நின்றது. மவுசால் பிடித்து இழுத்தேன். கூடவே வந்தது, விட்ட இடத்தில் நின்றது.

படத்தை அச்சடித்துக் கொடுத்தோம். தகப்பன் இரண்டு கையாலும் வாங்கிக்கொண்டு போனார்.

அந்தத் திரையில் என்னுடையது என்று ஏதாவது ஒன்று இருக்காதா என்று எவ்வளவு ஏங்கியிருக்கிறேன். அந்தப் பெட்டி ஒன்றுதான் இருந்தது. அடுத்த கப்பலுக்கு அதை எடுத்து வைக்க மனேஜர் எங்கள் இரண்டு பேரையும் கூப்பிடவில்லை. தானே இழுத்து வைத்தார், இரண்டு பெட்டி.